75 லிட்டர் ரீஃப் தொட்டிக்குத் துப்புரவு உயிர்கள்: புதுச்சேரி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் எட்டாம் வகுப்பு. நன்னீர் மீன் வளர்த்து நன்றாகப் பழகிய குடும்பம். 2024 பொங்கல் முடிந்த கையோடு கூடத்தில் ஒரு கடல்நீர் ரீஃப் தொட்டி, அதாவது மீனோடு பவளமும் வளர்க்கும் தொட்டி, வைத்தார்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 35, உயரம் 36. பெயருக்கு 75 லிட்டர். மணலும் கல்லும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 60 லிட்டர்தான்.

உள்ளே வைத்தது செயற்கைக் கல். இது சரியான முடிவு. கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கடலிலிருந்து பெயர்த்த பவளக் கல்லுக்கு வீட்டுத் தொட்டியில் இடமில்லை. வளர்ப்பதற்கும் சோவாந்திட், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவள வகைகளையே எடுத்திருந்தார்கள். ஆனால் செயற்கைக் கல்லில் ஒரு விஷயம் உண்டு. அது வெறுமையாக வரும். புழு, பூச்சி, கண்ணுக்குத் தெரியாத சிறு கூனிகள் எதுவும் அதோடு வருவதில்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கும் இது ஒரு காரணம்.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு, பிப்ரவரியில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. மாதக் கடைசியில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படலம். அது டயாட்டம், புதுத் தொட்டியில் அநேகமாக எல்லாருக்கும் வருவது. அடுத்து கல்லில் பச்சை முடிப்பாசி. வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் கேட்டபோது, "ரெண்டு லிட்டருக்கு ஒரு உயிர் போடுங்க, எல்லாம் சுத்தமாயிடும்" என்று துப்புரவு உயிர்களின் தொகுப்பு ஒன்றைச் சொன்னார்: பாசியையும் கழிவையும் தின்னும் நத்தை, நண்டு போன்றவை. மார்ச் முதல் வாரம் அது பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது.

கடல்நீர் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கைகொடுக்கும் வேலை என்னுடையது. இந்த வீட்டுக்கு என்னை அழைத்தது மே மாதத்தில். அதற்கு முன் நடந்தவற்றை மகளின் நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். தினமும் மாலையில் தேதி போட்டு, கண்ணில் பட்டதை எண்ணி எழுதியிருந்தாள். இவ்வளவு பொறுமையான பதிவு பெரியவர்களிடமே கிடைப்பதில்லை.

பார்சலில் வந்தவை

அஸ்ட்ரேயா நத்தை 12, ஹெர்மிட் நண்டு (காலி நத்தை ஓட்டில் குடியிருப்பது) 12, நசாரியஸ் நத்தை 8, டர்போ நத்தை 2, எமரால்டு நண்டு 1, மணல் சலிக்கும் நட்சத்திர மீன் 1, பெப்பர்மின்ட் என்ற பெயரில் இறால் 2. மொத்தம் 38.

பைத் தண்ணீரின் அடர்த்தியை அப்பா உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்திருக்கிறார்: 1.020. தொட்டியில் 1.026. உப்புச் செலவைக் குறைக்கச் சிலர் அடர்த்தியைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். மீன்கள் அதைச் சமாளித்துவிடும். நத்தைக்கும் இறாலுக்கும் உடலின் உப்பைச் சரிக்கட்டும் திறன் குறைவு. பைகளை இருபது நிமிடம் மிதக்கவிட்டுத் தொட்டியில் இறக்கிவிட்டார்கள். இரண்டு நாளுக்குள் 3 அஸ்ட்ரேயாவும் ஓர் இறாலும் இறந்தன.

மார்ச் முதல் மே வரை

அடுத்த மூன்று வாரம் தொட்டி பளபளவென்று இருந்தது. "கண்ணாடி சூப்பர்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாள். இந்த மூன்று வாரம்தான் எல்லாரையும் ஏமாற்றுவது. அதுவரை சேர்ந்திருந்த படலத்தை 34 உயிர்கள் ஒரே மூச்சில் தின்று தீர்த்துவிட்டன. அதற்குப் பிறகு 60 லிட்டரில் ஒவ்வொரு நாளும் புதிதாக முளைக்கும் பாசி அத்தனை வாய்க்கு எப்படிக் காணும்?

மார்ச் கடைசியிலிருந்து நோட்டின் தொனி மாறுகிறது. அஸ்ட்ரேயா கூம்பு வடிவ ஓட்டுக்காரன். கல்லிலிருந்து மணலில் மல்லாந்து விழுந்தால் தானாகத் திரும்பிப் படுக்கத் தெரியாது. விழுந்ததை யாராவது நிமிர்த்தி வைக்க வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் பார்த்தது: மல்லாந்து கிடந்த அஸ்ட்ரேயாவைச் சுற்றி மூன்று ஹெர்மிட்டுகள். ஒன்று ஓட்டின் வாயில் இருக்கும் மூடியின் விளிம்பில் இடுக்கியை விட்டு நெம்புகிறது. மற்ற இரண்டும் காத்திருக்கின்றன. மறுநாள் காலை அந்த ஓட்டுக்குள் ஒரு ஹெர்மிட் குடியிருந்தது. ஏப்ரல் முடிவில் அஸ்ட்ரேயா ஓட்டோடு திரிந்த ஹெர்மிட்டுகள் ஐந்து. மாற்று ஓடுகள் போட்டு வைத்தால் இது குறையும் என்பார்கள். குறையும், நிற்காது. பசியும் சேர்ந்த இடத்தில் ஓட்டோடு உள்ளிருக்கும் சதையும் நண்டுக்கு வேண்டும்.

நட்சத்திர மீனின் கதை இன்னும் வருத்தமானது. அது மணலுக்குள் இருக்கும் சிறு புழுக்களையும் சிப்பிக் குஞ்சுகளையும் தின்று வாழ்வது. இங்கே மணலோ நேற்றுக் கொட்டிய மணல். அதில் உயிரே இல்லை. ஏப்ரல் நடுவில் ஒரு கையின் நுனி மழுங்கியது, பிறகு இன்னொன்று. மே முதல் வாரத்தில் எடுத்துப் போட்டார்கள். கடையில் அது "மணலைச் சுத்தம் செய்யும்" என்று விற்கப்படுகிறது. அது உண்மையில் செய்வது மணலில் உள்ள நல்ல உயிர்களைத் தின்பது. அவை தீர்ந்ததும் தானும் பட்டினியில் சாவது.

ஏப்ரல் நடுவில் ஒரு டர்போ கல்லுக்குப் பின்னால் இறந்து கிடந்தது தெரியவில்லை. பெரிய நத்தை. மீன்கள் மேல்மட்டத்தில் வந்து மூச்சுவிடத் தவித்த பிறகுதான் தேடியிருக்கிறார்கள். அன்று அம்மோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு). நானூறு லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை செத்தால் பெரும்பாலும் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. 60 லிட்டரில் அது மீன்களின் உயிருக்கு ஆபத்து.

மே தொடக்கத்தில் முடிப்பாசி முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. விற்பனையாளர் சொன்ன யோசனை, இன்னும் பத்து நத்தை. அந்த நேரத்தில்தான் நண்பர் மூலமாக என்னைக் கூப்பிட்டார்கள்.

மே மாதப் பரிசோதனை

அக்னி நட்சத்திர வெயில். பிற்பகலில் தொட்டியின் வெப்பம் 31.5 டிகிரி. அடர்த்தி 1.028, ஆவியாகும் தண்ணீரை வாரம் இருமுறைதான் நிரப்பி வந்தார்கள். 60 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானாலே உவர்ப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 37-ஐ நெருங்கிவிடும். நிரப்பும்போது திடீரென்று இறங்கும். நைட்ரேட் 40 பிபிஎம். மீன்களுக்குத் தீனி நாளைக்கு மூன்று வேளை.

நிரப்பிய தண்ணீர் சமையலறை ஆர்ஓ இயந்திரத்திலிருந்து. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 70 காட்டியது. வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு இருக்கும். அதோடு பாசிக்கு வேண்டிய சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் உள்ளே வரும். இந்த இயந்திரத்தில் செம்புச் சத்து சேர்க்கும் குப்பியும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நமக்குச் செம்புக் குடத் தண்ணீர் நல்லது என்பார்கள். நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கூடிக்கொண்டே போகும். செம்புப் பரிசோதனை பூஜ்யம் காட்டியது. எனவே நடந்த சாவுகளுக்குச் செம்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் பரிசோதனைப் பெட்டிகளின் கண்ணுக்கு மிகச் சிறிய அளவு தெரியாது என்பதால் அந்தத் தண்ணீரை அன்றே நிறுத்தச் சொன்னேன்.

இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பார்த்தோம். சோவாந்திட்கள் சுருங்கிச் சுருங்கித் திறப்பதற்குக் காரணம் அங்கே நின்றது. பெப்பர்மின்ட் என்று வந்த இறால், சோவாந்திட் மொட்டு ஒன்றைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. அது பெப்பர்மின்ட் இல்லை, ஒட்டக இறால். பெப்பர்மின்டின் உடல் கண்ணாடி போல. மெல்லிய சிவப்புக் கோடுகள் நெடுக்காக ஓடும். ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன் தூக்கலாக இருக்கும், சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அழுத்தமாக இருக்கும், மூக்கு முள் மேலும் கீழும் மடங்கும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது அடிக்கடி நடக்கிறது. ஒட்டக இறால் சோவாந்திட்டையும் மஷ்ரூமையும் தின்னும்.

அன்று உயிரோடு இருந்தவை: அஸ்ட்ரேயா 2, ஹெர்மிட் 9, நசாரியஸ் 5, டர்போ 1, எமரால்டு நண்டு 1, ஒட்டக இறால் 1. பத்தொன்பது. வந்ததில் சரிபாதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஆறு வாரத்துக்குப் புதிதாக எந்த உயிரும் வேண்டாம். வீட்டார் இதை எளிதில் ஏற்கவில்லை. "பாசி இருக்கே சார், நத்தை போட்டா சாப்பிடாதா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நீண்டு வளர்ந்த முடிப்பாசியைப் பெரும்பாலான நத்தைகள் தொடுவதில்லை; அவற்றின் அரம் போன்ற நாக்கு மெல்லிய படலத்தைச் சுரண்டுவதற்கானது. அப்படியே தின்றாலும் தின்றது கழிவாக அதே தண்ணீரில்தான் விழும். நத்தை சத்தை இடம் மாற்றுகிறது, தொட்டியைவிட்டு வெளியேற்றுவதில்லை. வெளியேற்றுவது நம் கை: தண்ணீர் மாற்றுவது, பாசியைப் பிடுங்கி எறிவது. எனவே தீனி ஒரு வேளையாகக் குறைந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, குழாயால் உறிஞ்சி, வாரம் 8 லிட்டர் மாற்றினார்கள். மிச்ச உப்புகளையும் நீக்கும் டிஐ வடிகட்டியோடு தனி ஆர்ஓ வாங்கினார்கள், டிடிஎஸ் பூஜ்யம்.

வெப்பத்துக்கு ஒரு சிறிய மின்விசிறியைத் தொட்டி விளிம்பில் பொருத்தினோம். 28 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் விசிறி வைத்தால் ஆவியாதல் கூடும். இங்கே நாளைக்கு ஒன்றரை லிட்டர். அதனால் தானாக நிரப்பும் மிதவையும் கூடவே வேண்டியிருந்தது.

இரண்டாவது முடிவு, ஹெர்மிட் ஒன்பதையும் டர்போவையும் எமரால்டு நண்டையும் ஒட்டக இறாலையும் வெளியேற்றுவது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் நானூறு லிட்டர் தொட்டி வைத்திருக்கிறார், பல ஆண்டுப் பழைய தொட்டி. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்; இறாலைப் பவளங்கள் இல்லாத கீழ்த்தொட்டியில் விட்டார். பதிலுக்கு அவர் தந்ததுதான் இந்த வீட்டுக்குக் கிடைத்த பெரிய உதவி: இரண்டு கை மணலும், ஒரு பிடி கீட்டோ பாசியும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது அதில் கூனிகள் துள்ளின, முள்புழுக்கள் நெளிந்தன. ஐப்டேசியா (தொட்டியில் பெருகிப் பவளங்களைக் கொட்டும் தொல்லை உயிர்) ஒட்டியிருக்கிறதா என்று துணுக்குத் துணுக்காகப் பார்த்துவிட்டுத் தொட்டியில் சேர்த்தோம். செயற்கைக் கல்லோடு வராமல் போன துப்புரவுக்காரர்கள் இவர்கள். மீந்த தீனியை இடுக்கில் போய்த் தின்பது நத்தையைவிட இவர்களுக்கே கைவந்த வேலை. முள்புழுவைக் கண்டால் பலர் பதறி எடுத்து எறிகிறார்கள். வெறுங்கையால் தொட்டால் முள் குத்தும், அவ்வளவே.

மூன்றாவது, எதைச் சேர்ப்பது. ஒவ்வொரு பெயரையும் வைத்து மூன்று கேள்விகள் கேட்டோம். இது என்ன தின்னும்? அந்த உணவு மூன்றாவது மாதத்திலும் இந்தத் தொட்டியில் இருக்குமா? இது செத்தால் 60 லிட்டர் தாங்குமா? லிட்டர் கணக்கில் எண்ணிக்கை போடுவதை நான் அறவே ஏற்பதில்லை. லிட்டரை எந்த நத்தையும் தின்பதில்லை. பாசி வளரும் பரப்பும் அதன் வேகமும்தான் கணக்கு.

கண்ணாடிக்கும் கல்லுக்கும் ட்ரோகஸ் நத்தை. அஸ்ட்ரேயா செய்யும் வேலையையே செய்யும்; விழுந்தால் தானே திரும்பிக்கொள்ளும். பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த ஒரு குணமே போதும். நம் கடல் பக்கத்து ட்ரோகஸ் இனங்களுக்கு 28 டிகிரி பழகியது. மூன்று போதும் என்றேன். மணல் மேற்பரப்புக்கும் கல்லடி இடுக்குக்கும் செரித். ஒல்லியாக, நீளமாக, மற்ற நத்தை நுழையாத இடத்தில் நுழைவது. நான்கு. நசாரியஸ் பாசி தின்பதே இல்லை. அது செத்ததையும் மீந்ததையும் தின்பது. ஏற்கெனவே இருந்த ஐந்தே அதிகம், புதிதாக வேண்டாம்.

கடல் முயல் என்ற நத்தை வகை முடிப்பாசியை வேகமாகத் தின்னும் என்று அப்பா படித்திருந்தார். தின்னும், தின்று முடித்ததும் பட்டினி கிடக்கும். இரவல் வாங்கித் திருப்பித் தர வழியிருந்தால் மட்டுமே அதை யோசிக்கலாம். கடல் அட்டைக்கு இரண்டு தடை. கடல் அட்டை இனங்கள் எல்லாமே 2001-இல் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். தவிர, பம்பில் சிக்கியோ இறந்தோ அது நஞ்சை விட்டால் சிறிய தொட்டியில் மீன் மிஞ்சாது.

கடற்கரை நத்தைகள்

அந்த ஆறு வாரத்துக்குள் மகள் ஒரு டப்பாவோடு வந்தாள். கடற்கரைச் சாலைப் பாறைகளில் பொறுக்கிய நத்தைகள். "அங்கிள், இது நம்ம ஊர் நத்தைதானே, வெயிலெல்லாம் தாங்குமே?" அவள் நினைத்ததில் பாதி சரி. வெப்பம் தாங்கும். ஆனால் பாறையின் மேல்மட்டத்தில் இருக்கும் சிறு நத்தைகள் அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்பவை. தொட்டியில் விட்டால் தண்ணீரைவிட்டு மேலே ஏறிவிடும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

டப்பாவில் ஒன்று வேறு மாதிரி. ஓட்டின் வாயை அவளிடம் காட்டினேன். மற்றவற்றுக்கு வாய் முழு வட்டம். இதற்குக் கீழ் விளிம்பில் ஒரு வெட்டு, மூக்குக்குழல் நீட்டுவதற்கான வாய்க்கால். அப்படி வெட்டு இருப்பவற்றில் பெரும்பாலானவை ஊன் தின்பவை. இந்த வகை மற்றச் சிப்பி, நத்தைகளின் ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்னும். கரையில் ஒதுங்கும் சிப்பிகளில் ஊசி போட்டது போல வட்டமாக ஓர் ஓட்டை இருக்குமே, துளைக்கும் நத்தைகள் செய்த வேலை அது. இந்த அடையாளத்துக்கு விலக்கும் உண்டு. செரித்துக்கு அந்த வாய்க்கால் இருக்கிறது, ஆனாலும் பாசிதான் தின்கிறது. நிலா நத்தைக்கு வாய் வழவழவென்று வெட்டில்லாமல் இருக்கும், அதுவோ பயங்கர வேட்டைக்காரன். ஆகவே இனம் தெரியாமல் எதையும் உள்ளே விடக்கூடாது. கூம்பு நத்தையை உயிரோடு கையிலேயே எடுக்கக் கூடாது. அதன் விஷ அம்பு ஆளைக் கொல்லக்கூடியது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வீராம்பட்டினமோ தேவனாம்பட்டினமோ போகிறவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். டப்பாவை அன்று மாலையே எடுத்த பாறையில் கொண்டுபோய் விட்டாள்.

பிறகு நடந்தது

ஜூலை முதல் வாரம் 3 ட்ரோகஸ், 4 செரித் வந்தன. இந்த முறை பைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டார்கள். அடர்த்தி ஒன்றான பிறகே இறக்கினார்கள். ஒன்றும் சாகவில்லை.

ஒரு வாரத்தில் கண்ணாடிப் படலத்தின் நடுவே வளைந்து வளைந்து போகும் சுத்தமான தடங்கள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் நாக்குப் பட்ட ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக, கோலப்பொடி இழுத்த மாதிரி. அந்தத் தடங்களுக்கு இடையில் எப்போதும் கொஞ்சம் பாசி மிஞ்சியது. அதுதான் நான் பார்க்க விரும்பியது. துளிப் பாசியும் இல்லாத கண்ணாடி என்றால் அங்கே நத்தை பட்டினி என்று பொருள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் வாரம் ஒருமுறை காந்தத் துடைப்பானால் வீட்டார் துடைக்கிறார்கள். மற்ற மூன்று பக்கமும் நத்தைக்கு.

முடிப்பாசி உடனே போகவில்லை. அக்டோபர் வரை இழுத்தது. நைட்ரேட் 10-க்கு வந்த பிறகுதான் அடங்கியது. ஆகஸ்டில் மணலின் ஒரு மூலையில் செம்மண் நிறச் சயனோ (சயனோபாக்டீரியா) படர்ந்தது. அதைத் தின்னும் என்று நம்பி விடக்கூடிய உயிர் எதுவும் கிடையாது. அந்த மூலையில் நீரோட்டம் இல்லை. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைத் திருப்பி வைத்து, உறிஞ்சி எடுத்ததும் குறைந்தது. மிஞ்சியிருந்த அஸ்ட்ரேயா இரண்டும் செப்டம்பருக்குள் போய்விட்டன.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்தத் தெருவில் மின்சாரம் ஒரு நாளுக்கும் மேலாக நின்றுபோனது. பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து, தீனி விழுந்தால் மட்டும் மூக்குக்குழலை ஆட்டிக்கொண்டு எழுந்துவரும் நசாரியஸ்கள், அன்று நள்ளிரவில் தீனி இல்லாமலேயே வெளியே வந்து, ஐந்தும் கண்ணாடியில் நீர்மட்டம் வரை ஏறி நின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை இப்படிச் செய்யும். மீன்கள் அப்போது இயல்பாகத்தான் இருந்தன. மகள் பார்த்துச் சொல்ல, அப்பா பேட்டரி ஏர் பம்பைப் போட்டார். விடிவதற்குள் மூன்று நசாரியஸ் மணலுக்குத் திரும்பிவிட்டன. மின்சாரம் வந்த பிறகு எண்ணிப் பார்த்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

2025 பிப்ரவரியில், தொட்டிக்கு ஒரு வயது தாண்டியபோது: ட்ரோகஸ் 3, செரித் 4, நசாரியஸ் 4. செரித் கண்ணாடியில் நூல் கோத்தது போல முட்டை வரிசை இட்டிருந்தது. கூனிகள் கல் முழுக்கப் பரவிவிட்டன. சோவாந்திட்கள் பகலில் முழுதாக விரிகின்றன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வீட்டார் இன்னொரு தொட்டி வைப்பதென்றால், முதல் நாளிலேயே பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலும் கீட்டோவும் வாங்கிச் சேர்ப்போம். டயாட்டம் வந்த பிறகு இரண்டு ட்ரோகஸ், அவ்வளவுதான். டயாட்டம் தானாகவே அடங்கும், அதற்காகப் படை திரட்ட வேண்டியதில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, படலம் நத்தைகளை முந்துகிறது என்றால் ஒன்று கூட்டலாம். கண்ணாடி முழுக்க வெறுமையாகிவிட்டால் உலர்ந்த நோரித் தாளில் (கடற்பாசித் தாள்) ஒரு துண்டைக் கிளிப்பில் மாட்டி, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடலாம்.

ஹெர்மிட்டை இந்த அளவுத் தொட்டியில் நத்தையோடு சேர்க்கவே மாட்டேன். ஒன்றிரண்டு வைத்து நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது பகலில் இருக்கிறார்கள்.

குடிநீர் இயந்திரத்தின் தண்ணீர் முதல் நாளிலிருந்தே வேண்டாம், செம்புக் குப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும். உயிர்களை எண்ணும் பழக்கம் தொடர வேண்டும்: வாரம் ஒரு நாள், விளக்கணைத்த பிறகு. இரண்டு நாளாக ஒரே இடத்தில் கிடக்கும் நத்தையை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும்; செத்திருந்தால் நாற்றமே சொல்லிவிடும்.

விற்பவரிடம் தொகுப்பாக வாங்காமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாங்க வேண்டும். இறால் என்றால் பக்கவாட்டில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பைத் தண்ணீரின் அடர்த்தி என்ன என்று பார்சல் கிளம்பும் முன்பே கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் நத்தை வாங்க வேண்டாம் என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.